செம்பருத்திக்கு ஓர் அடையாள அணிவகுப்பு

தென்காசியில் வீடு கட்டுகிறவர்களுக்கெல்லாம் முதலில் ஒரு பொய் வீடு கட்டிக் கொடுப்பது என் தொழில். இன்ஜினியர் ஆபீஸ் ஒன்றில் உட்கார்ந்து 3டி எலிவேஷன் போடுகிறேன். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும் முன்பே, முடிந்த வீடு எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் கட்டி, வெயிலடிக்க வைத்து, நிழல் விழவைத்துக் காட்டிவிடுவேன். அதை ஃபிளெக்ஸ் அடித்து மனையின் முன்னால் கட்டி, பக்கத்தில் ஒரு திருஷ்டி பொம்மையையும் தொங்கவிட்டால்தான் இங்கே வேலை தொடங்கியதாகக் கணக்கு.

வருகிறவர்கள் வீட்டைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. வாசலில் நான் வைக்கிற புல்தரை, செடி, சிவப்புக் கார், இவற்றின் மேல்தான் கண். அச்சன்புதூரிலிருந்து வந்த ஒரு அண்ணாச்சி படத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "எம்மா, இந்த நாய நாங்க வாங்கணுமா, ஒங்க ஆபீஸ்ல குடுப்பியளா?" என்று கேட்டார். சுந்தரபாண்டியபுரத்துக்காரர் ஒருவருக்கு ஆசையாகச் சூரியகாந்தி வைத்துக் கொடுத்தேன். "வயல்ல பாக்குறது பத்தாதுன்னு வாசல்லயுமா? எடும்மா அத" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

செடிகளை நாங்கள் செய்வதில்லை. யாரோ வெளிநாட்டுக்காரர்கள் செய்து வைத்த மாடல்களை எடுத்து நட்டுவிடுவோம். ஆகவே இந்தச் சுற்றுவட்டாரத்து ஃபிளெக்ஸ்களில் எல்லாம் பனி பெய்கிற ஊர்ச் செடிகள் பூத்துக் குலுங்கும். வீடு முடிந்த பிறகு போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு முருங்கையும் மோட்டார் பம்பும் இருக்கும். அதற்காக யாரும் என்னிடம் சண்டைக்கு வந்ததில்லை. படத்துச் செடி படத்தோடு சரி என்பது ஊருக்கே தெரியும். தெரியாத ஒரே ஆள் என் அப்பா.

அப்பா போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுத்தில் ஒன்று இருந்தால் அது நடந்தே ஆகவேண்டும் அவருக்கு. பத்திரிகையில் போட்ட நேரத்துக்குத் தாலி கட்டவில்லை என்றால் பந்திக்கு உட்காராமல் எழுந்து வந்துவிடுவார். ஹோட்டல் போர்டில் ஆப்பம் என்று எழுதியிருந்து உள்ளே ஆப்பம் இல்லையென்றால், அந்த எழுத்தை அழிக்கும்வரை கல்லாவுக்கு முன்னால் நிற்பார். அவரோடு நான் ஹோட்டலுக்குப் போவதை நிறுத்திப் பல காலம் ஆகிறது.

ஓய்வுக்குப் பிறகு அப்பா ஒரு பழைய கார் வாங்கினார். மேலகரத்தில் எங்கள் வீட்டு வாசலில் அதை நிறுத்த இடமில்லை. தெருவில் நின்று சாரலில் நனைந்தது, அதன் மேல் காக்கை உட்கார்ந்தது, மாடு உரசியது. ஒருநாள் காலையில் தோசையைப் பிட்டுக்கொண்டே அப்பா தீர்ப்புச் சொன்னார். "முன்னால ஒரு போர்டிகோ எடுத்துருவோம். அந்தச் செம்பருத்தி நிக்குத எடந்தான் தோது. செடிய வெட்டிருவோம்."

அது அம்மாவின் அடுக்குச் செம்பருத்தி. ரோஸ் நிறத்தில், ஒரு பூவுக்குள் இன்னும் நாலு பூவைத் திணித்த மாதிரி பூக்கும். கல்யாணம் ஆனதிலிருந்து போலீஸ் குடியிருப்பு குடியிருப்பாக மாறிக்கொண்டே இருந்த அம்மா, சொந்த மண்ணில் வைத்த முதல் செடி. அதைப் போய் வெட்டுவோம் என்கிறார் மனிதர். அம்மா அப்பாவின் தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள். அம்மா சத்தம் போட்டால் பயமில்லை. அவள் பேசாமல் தோசை வைத்தால் வீட்டில் யாருக்கோ கண்டம் இருக்கிறது என்று அர்த்தம்.

போர்டிகோவுக்குப் படம் போடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மறுநாள் அப்பா ஐந்தருவிக்குக் குளிக்கப் போனதும் அம்மா என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். சீசன் நேரத்தில், வெளியூர்க் கூட்டம் வந்து சேரும் முன்பே அப்பா அருவிக்குப் போய்விடுவார்.

"ஏட்டி, நீ போடுத படத்துல என்ன இருக்கோ அதத்தான கட்டுவாவ?"

"யாரும் கட்ட மாட்டாங்கம்மா. அப்பா மட்டுந்தான் கட்டுவாங்க."

"எனக்கு ஒங்க அப்பா கட்டுனா போதும். என் செடிய அதுல வையி."

சூழ்ச்சி என்றால் இதுவல்லவா சூழ்ச்சி! போர்டிகோவைக் கொஞ்சம் தெற்கே தள்ளி, ஒரு தூணை உள்ளே இழுத்தால், காரும் நிற்கும், செடியும் நிற்கும். இதை வாயால் சொன்னால் அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். வெட்டுவோம் என்று சொல்லியாயிற்றே. ஆனால் படத்தில் கண்டு, சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அப்புறம் அந்தச் செடியை அவர் கையாலேயே காவல் காப்பார். அம்மாவை அப்பா விசாரணைக்குக் கூட்டிப்போயிருந்தால் பல கேஸ்கள் சீக்கிரம் முடிந்திருக்கும்.

"ரோஸ் கலர்ல எங்ககிட்ட ஒரு ஃபாரின் செடி இருக்கும்மா. அத வச்சிருவோம்" என்றேன்.

"ஒனக்குப் பதிலா வேற ஒருத்தியக் கொண்டாந்து நிறுத்துனா நான் எம் மகதான்னு சொல்லிருவனா? போ மூதி. என் செடிதான் வேணும்."

வேறு வழியில்லை. அந்தச் செடியையே மாடலாகச் செய்ய வேண்டியதாயிற்று. வித்தை ஒன்றும் பெரிதில்லை. செடியைச் சுற்றிச் சுற்றி வந்து, மேலிருந்து, கீழிருந்து, இண்டு இடுக்கு விடாமல் போட்டோ எடுத்துக் கொடுத்தால், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் ஒட்டிச் சேர்த்து ஒரு முழுச் செடியைத் தரும். அப்புறம் அதை எந்தப் பக்கமும் திருப்பிப் பார்க்கலாம். ஒரே நிபந்தனை, எடுத்து முடிக்கும்வரை செடி அசையக் கூடாது. சாரல் காலத்தில் போய் இதைக் கேட்கலாமா? மேகம் மூடி, நிழலே விழாத அருமையான வெளிச்சம் இருக்கிறது, சரி. ஆனால் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் செடியை ஒரு நொடி சும்மா விடுமா? முதல் தடவை எடுத்ததைக் கம்ப்யூட்டர் யோசித்து யோசித்துக் காட்டியது. பச்சையாக என்னமோ இருந்தது.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். "என்னட்டி இது, கீரையக் கடைஞ்சி வச்ச மாதிரி இருக்கு?"

அடுத்த தடவை காற்றுக்குத் தடையாகப் போர்வைகளைக் கொடியில் கட்டினோம். தூறல் விழாமல் அம்மா குடை பிடித்தாள். நான் போனோடு செடியைச் சுற்றித் தவழ்ந்துகொண்டிருந்தேன். பாதி எடுத்திருப்பேன், வாசலில் கார் வந்து நின்றது. அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டுவிட்டார்களாம். தோளில் நனையாத துண்டோடு அப்பா உள்ளே வந்தார். போர்வைக் கூடாரத்தையும், செடிக்குக் குடை பிடிக்கும் மனைவியையும், தரையில் கிடந்த மகளையும் பார்த்தார்.

"என்ன நடக்கு இங்கன?"

"மாவுப்பூச்சிக்கு மருந்தடிக்கோம்" என்றாள் அம்மா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "காத்துல பறந்துரக் கூடாதுல்லா, அதான் போர்வை."

"இவ எதுக்கு போனோட கெடக்கா?"

"மருந்து பேரு போன்லதான இருக்கு."

அப்பா தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். காலமெல்லாம் திருடர்களைக் குறுக்கு விசாரணை செய்த மனிதர்! கள்ளன் பெரியவனா காப்பான் பெரியவனா என்று ஊரில் கேட்பார்கள். எங்கள் வீட்டில் அன்றே விடை தெரிந்துவிட்டது.

மீதியையும் எடுத்துச் சேர்த்ததில் செடி ஒருவழியாக வந்துவிட்டது, பூவின் நிறம் மட்டும் சரியாக வரவில்லை. ஒரு பூவைப் பறித்து, இதழ் இதழாகப் பிய்த்து, வெள்ளைத் தாளில் பரப்பிப் படம் எடுத்தேன். அம்மா பார்த்துவிட்டாள். "அடிப் பாவி! செடியக் காப்பாத்துன்னு சொன்னா பூவ உரிச்சிப் போட்டிருக்கா!" என்று தலையில் ஒரு குட்டு வைத்தாள். நன்றாக வலித்தது. என்றாலும் மாடலில் பூ உயிரோடு வந்தது.

உயிரோடு என்றால் எல்லாமும்தான் உயிரோடு வந்தது. எங்கள் செடி நிஜத்தில் தெருப்பக்கம் சாய்ந்திருக்கும். அடியில் இலை கிடையாது, வெறும் குச்சி. நுனிக் கொழுந்தில் மாவுப்பூச்சி அப்பியிருக்கும். கம்ப்யூட்டர் ஒன்றையும் விடவில்லை. இவ்வளவு நேர்மையாக ஒரு செடி எங்கள் ஆபீஸ் வரலாற்றிலேயே வந்ததில்லை. நான் பெருமையாகத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது.

"இப்படிக் காட்டுனா வெட்டத்தான் சொல்லுவாவ. நிமித்திப் போடு. பூச்சியத் தொடச்சி விடு. கெளைக்குக் கெளை பூ வையி."

"அது பொய்யில்லையாம்மா?"

"ஒன்னப் பொண்ணு பாக்கக் குடுத்த போட்டோவுல ஸ்டுடியோக்காரன் ஒன் மூக்க நிமித்தலையா?"

"நிமித்தி என்ன, அவங்க நேர்ல வந்து மூக்கப் பாத்துட்டு, பஜ்ஜியத் தின்னுட்டுப் போயிட்டாங்களே!"

அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. நானாவது என் மூக்கின் அனுபவத்தை நினைத்துப் பார்த்திருக்கலாம். எனக்கும் கை அரித்தது. செடியை நிமிர்த்தினேன், பூச்சியைத் துடைத்தேன், அடிக்குச்சிக்கு இலை கொடுத்தேன், கிளைக்குக் கிளை பூவை வாரி இறைத்தேன். புதுப் போர்டிகோவுக்குப் பக்கத்தில் அதை நிறுத்தி வெயிலடிக்க வைத்தபோது, கல்யாணப் பெண் மாதிரி நின்றது.

அப்பா படத்தை வெகுநேரம் பார்த்தார். "செடியும் நிக்கி, காரும் நிக்கி" என்றார். "நல்லாத்தான இருக்கு." வாக்குமூலத்தில் போடுவது போலக் கீழே கையெழுத்தும் போட்டார். அன்று ராத்திரி எனக்கு மட்டும் தோசையில் நெய் மிதந்தது.

ஃபிளெக்ஸ் வாசலில் ஏறியது. போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்து, செடி ஜோராக இருக்கிறது என்றார்கள். "மக போட்டது" என்று அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். அம்மா தினமும் பூப்பறிக்கும்போது செடியிடம் ஏதோ முணுமுணுத்துச் சிரித்தாள். ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்தேன்.

கொத்தனார் வானம் தோண்ட வந்த அன்று, அப்பா அந்தப் படத்தைத் தாளில் அச்செடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டு, கையில் வைத்திருந்தார். தூணுக்குச் சுண்ணாம்பு போட்ட இடங்களை எல்லாம் படத்தோடு ஒப்பிட்டு டிக் அடித்துக்கொண்டே செடியிடம் வந்து சேர்ந்தார். படத்தைப் பார்த்தார். செடியைப் பார்த்தார். இரண்டடி தள்ளிப் போய் மறுபடி படத்தைப் பார்த்தார். செடியைச் சுற்றி ஒரு சுற்று வந்தார்.

"இது அது இல்ல" என்றார்.

"எது அண்ணாச்சி?" என்றார் கொத்தனார்.

"படத்துல உள்ள ஆளு வேற. அது நிமிந்து நிக்கி, இது சாஞ்சி கெடக்கு. அதுக்கு அடி வரைக்கும் எலை, இது வெறுங் குச்சி. மூஞ்சில எல்லாம் பூச்சி வேற. ஆளு மாறாட்டம்யா இது."

ஸ்டேஷன் முற்றத்தில் சந்தேக நபர்களை வரிசையாக நிறுத்தி அடையாள அணிவகுப்பு நடத்துவார்களே, அது எங்கள் வாசலில் ஒரே ஒரு செம்பருத்திக்கு நடந்துகொண்டிருந்தது. அதில் செடி தோற்றும்விட்டது. அப்பா கொத்தனாரிடம் படத்தைத் தட்டிக் காட்டினார். "இதப் பிடுங்கிப் போட்ருங்க. நான் நர்சரிக்குப் போயி, இந்தப் படத்தக் காட்டி, இதே மாதிரி ஒண்ணு வாங்கியாந்து வைக்கேன். படத்துல உள்ளபடிதான் இருக்கணும்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை என்றால் இதுதான். கொத்தனார் மண்வெட்டியை எடுத்துவிட்டார். நான் ஓடிப்போய் நடுவில் நின்றேன்.

"அப்பா, ரெண்டும் ஒரே செடிதான்!"

"ஒரே செடின்னா எதுக்குட்டி மாத்திப் போட்ட?"

அம்மா அடுப்பில் எதையோ அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அப்பாவுக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். அவளிடம் குரலைக் கொஞ்சம் இறக்கினார். "சரி, ஒனக்கு இந்தச் செடிதான் வேணும்னா ஒரு கம்ப ஒடிச்சிப் பின்னால ஊனி வையேன். சாரல் நேரம், பிடிச்சிரும்லா."

அம்மா சத்தம் போட்டாள். கொத்தனார் நிற்கிறார், தெருவில் ஆள் போகிறது, எதையும் அவள் பார்க்கவில்லை.

"கம்ப ஒடிச்சி ஊனு, கம்ப ஒடிச்சி ஊனு! ஒங்களுக்கு மாத்தலாகுத ஊருக்கெல்லாம் அதத்தான செஞ்சேன்? வாசுதேவநல்லூர்ல வச்சேன், மொட்டு விட்ட அன்னைக்குச் சாமான் ஏத்தச் சொன்னிய. செங்கோட்டையில வச்சேன், பூத்துச்சாம், அடுத்து வந்த எஸ்ஐ வீட்டு அக்கா போன்ல சொன்னா. லாரியில மடியில கம்ப வச்சிக்கிட்டு நான் எத்தன தடவ ஒக்காந்து வந்திருக்கேன்னு ஒங்களுக்குத் தெரியுமா? இது ஒண்ணுதான் நான் வச்சி, நானே பூவப் பாத்தது. இதையும் ஒடிச்சி ஊனவா?"

பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அத்தனை வருஷமும் அந்த லாரிகளில் நானும்தான் உட்கார்ந்து வந்திருக்கிறேன். அம்மா மடியில் குச்சி இருந்தது ஞாபகம் இருக்கிறது. அது என்ன குச்சி என்று நான் கேட்டதே இல்லை.

அப்பா கொத்தனாரை டீ குடித்துவிட்டு அப்படியே வீட்டுக்குப் போகச் சொன்னார். ராத்திரி தட்டில் வைத்ததைச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் அப்பா குற்றாலம் போகவில்லை. நான் எழுந்து வந்தபோது குடையைப் பிடித்துக்கொண்டு செடிக்கு முன்னால் நின்றிருந்தார். தூறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கையாட்டிக் கூப்பிட்டார்.

"ஏட்டி, அந்தப் படத்தத் திருத்தணும். பொய்யான படத்த வச்சி நான் வேலை பாக்க மாட்டேன். குறிச்சிக்கோ."

போனை எடுத்துக்கொண்டு நின்றேன். காணாமல் போனவரின் அங்க அடையாளங்களை ஸ்டேஷன் ரைட்டரிடம் சொல்கிற அதே குரலில் அப்பா சொல்லத் தொடங்கினார்.

"ஆளு தெருப்பக்கமா சாஞ்சி நிக்கணும். அடியில எலை கெடையாது. கொழுந்துல வெள்ளப் பூச்சி உண்டு. தெக்குக் கெளையில மொட்டு நெறைய வரும், ஆனா பாதி உதுந்துரும். ஒங்க அம்மா அதத் தெனமும் பொறுக்கி எண்ணிப் பாப்பா. கீழ நாலஞ்சு உதுந்த பூவையும் போடு. அவ கூட்டித் தள்ள மாட்டா, அங்கனயே கெடக்கட்டும்னு விட்ருவா."

இந்த மனிதர் இதையெல்லாம் எப்போது பார்த்தார்? பேப்பருக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு தினமும் வாசலில் உட்கார்ந்திருப்பார். பேப்பர் படிக்கிறார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. நான் இரண்டையும் அடக்கிக்கொண்டு எழுதினேன். அம்மா கையில் காப்பி டம்ளரோடு வாசற்படியில் வந்து நின்றதை அப்பா கவனிக்கவில்லை.

"வடக்குக் கெளை முறியாம இருக்க ஒரு துணிய வச்சி இழுத்துக் கட்டியிருக்கு. பழைய சேலைத் துணி. சாயம் போயி, பாசி பிடிச்சிக் கெடக்கு. அதையும் போடு."

"அது சேலை இல்ல" என்றாள் அம்மா.

அப்பா திரும்பினார். "பெறகு என்ன?"

"ஒங்க காக்கிச் சட்ட. ரிட்டையரான அன்னைக்குப் போட்டிருந்தியள்லா, அது. பீரோவுல சும்மாதான கெடந்துச்சி, கிழிச்சிக் கட்டிட்டேன்."

நான் ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டேன். அந்தச் சட்டையை இஸ்திரி போட்டு மடித்து வைத்தது அப்பாவேதான். அவர் குடையை என்னிடம் கொடுத்தார். செடியின் உள்ளே கையை விட்டு அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தார். முடிச்சு இளகிக் கிடந்தது. மழையில் நனைந்துகொண்டே அதை அவிழ்த்து, கிளையை மெல்லத் தூக்கிப் பிடித்து, இறுக்கிக் கட்டினார்.

"காக்கின்னே போட்டுக்கோ" என்றார்.